பறவைக் காய்ச்சல் பெட்டிக்குள் போய் விழுந்த மலேரியா: நோய்ப் பெயர்களைப் பட்டியல் போடுவது எப்படி?

தட்டோன்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில் எங்கள் ஊர்க் கோயிலை ஒட்டி ஒரு படிப்பறை இருக்கிறது, அதில் இரண்டு தகரப் பெட்டி நிறையப் பழைய தாள்கள். பாதி பர்மிய மொழியில் வந்த சுகாதாரத் துண்டறிக்கைகள், மீதி தமிழில் கையால் எழுதிய மாட்டு வைத்திய நோட்டுகள், சங்கத்துக்காரர்கள் எப்போதோ அச்சடித்த நோய்த்தடுப்புப் புத்தகங்கள். கரையான் அரிப்பதற்குள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரு எக்செல் பட்டியல் போடலாம் என்று போன மழைக்காலத்தில் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தாளுக்கும் 'எதைப் பற்றியது' என்று ஒரு கட்டம் வைத்தேன். பர்மியத் தலைப்பை அப்படியே தமிழாக்கி அதில் எழுதிக்கொண்டே போனேன்.

அங்கேதான் வினை. போன வாரம் நர்ஸ் வேலை பார்க்கும் என் சித்தி மகள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நம்ம ஊரில் இத்தனை தடவை பறவைக் காய்ச்சல் வந்திருக்கா?" என்று கேட்டாள். எட்டுத் தாள் அந்தத் தலைப்பில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் அதில் ஏழு மலேரியா. பர்மிய மொழியில் மலேரியாவுக்கு 'ஙெப்யா' என்று பெயர். ஙெ என்றால் பறவை, ஃப்யா என்றால் காய்ச்சல். நான் வரிக்கு வரி மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். 2006இல் மண்டலே பக்கம் உண்மையான பறவைக் காய்ச்சல் வந்தபோது ஒட்டிய நோட்டீஸும் ஒன்று அதே பெட்டியில் உண்டு, அதில் 'செக் ஙெ தொக்குவே' என்று போட்டிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எட்டாக்கி வைத்திருந்தேன்.

இன்னொரு தலைவலி. ஒரே மாட்டு நோய் கோமாரி, காணை, கால் வாய் நோய், பர்மியத்தில் 'ஷானா குவானா' என்று நாலு இடத்தில் கிடக்கிறது. எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது? இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை எனக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளலாமா?

யாங்கோன்_நூலகி:

தம்பி, முதலில் சந்தோஷப்படு, தப்பை நீயே கண்டுபிடித்துவிட்டாய். பெரிய பெரிய இடங்களில் இப்படி விழுந்தது விழுந்தபடியே கிடக்கும்.

முறை இருக்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் மெஷ் என்று ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறது. 1960இல் முதலில் வந்தது, ஆண்டுதோறும் திருத்துகிறார்கள், இப்போது ஏறத்தாழ 30,000 தலைப்புச் சொற்கள். அதற்கும் முன்னால் 1879இலேயே பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவர் உலக மருத்துவ இதழ்களுக்குப் பொருளடைவு போட ஆரம்பித்துவிட்டார், அந்த வம்சாவளியில் வந்ததுதான் இன்று நாம் மருத்துவக் கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகத் தேடுகிற பப்மெட். அதில் ஆங்கிலத்தில் 'ஹார்ட் அட்டாக்' என்று அடித்துப் பார். அந்த இரண்டு சொல் கட்டுரையில் எங்கேயும் இல்லாவிட்டாலும், 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று தலைப்புச் சொல் போட்ட கட்டுரைகள் வந்து நிற்கும். சாதாரண ஆள் சொல்கிற பெயர் டாக்டர் எழுதுகிற பெயருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உள்ளே யாரோ உட்கார்ந்து இதுவும் அதுவும் ஒன்று என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே எந்தப் பெயரைத் தலைப்பாக்குவது என்று ராத்திரி தூங்காமல் யோசிக்காதே. ஒன்றைத் தலைப்பாக்கு, மற்ற மூன்றையும் அதன் வாசலில் நிறுத்து. 'காணை: கோமாரி பார்க்க'. 'ஷானா குவானா: கோமாரி பார்க்க'. தேடுகிறவன் எந்தப் பெயரோடு வந்தாலும் அதே அறைக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மர இழுப்பறையில் அட்டை வைத்திருந்தோம். தலைப்பு அட்டையைவிட 'பார்க்க' அட்டைகள்தான் விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்திருக்கும்.

பறவைக் காய்ச்சல் விஷயத்தில் ஒரு வேடிக்கை சொல்லட்டுமா. மெஷ்ஷில் பறவைகளுக்கு வரும் மலேரியாவுக்கென்று தனித் தலைப்பே இருக்கிறது. ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார், மறு ஆண்டு கல்கத்தாவில் கொசு எப்படிப் பரப்புகிறது என்று முழுச் சுற்றையும் காட்டினது பறவைகளை வைத்துத்தான். ஆகவே உன் பட்டியலில் மூன்று தலைப்பு தனித்தனியாக வேண்டும்: மலேரியா, பறவை மலேரியா, பறவைக் காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி விளக்கம் எழுது. "இது கொசுக்கடியால் மனிதருக்கு வருவது, பர்மியப் பெயரில் பறவை இருந்தாலும் பறவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை." அந்த ஒரு வரி இருந்திருந்தால் நீ ஏழு தாளைத் தப்பாகப் போட்டிருக்க மாட்டாய்.

பெகு_பழசு:

அக்கா சொல்வதைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் எனக்கு இந்த 'ஒரே சொல்' என்ற பேச்சே கொஞ்சம் கசக்கிறது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நிறையப் பார்த்தாயிற்று. யாராவது மேலே உட்கார்ந்து இனி இதுதான் பெயர் என்றால், கீழே இருக்கிறவன் வாயில் இருந்த பெயர் பத்து வருஷத்தில் செத்துப்போகும். ஊர்ப் பெயரே மாறிப்போன நாட்டில் இருக்கிறோம், எனக்கு இன்னும் பெகுதான் வாயில் வருகிறது.

எங்கள் பெரியப்பா வண்டி மாடு வைத்திருந்தவர். அம்மை என்றால் அவருக்கு ஒரு சொல் இல்லை, ஒரு வீட்டு முறையே அதற்குள் இருந்தது. வேப்பிலை, தாளிக்காத சாப்பாடு, வெளியாள் உள்ளே வரக்கூடாது, மாட்டுக்கென்றால் தொழுவத்தைப் பிரித்துக் கட்டு. வெளியாள் வராதே என்பது தொற்றைத் தடுக்கிற வேலை இல்லையா? இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இங்கிலீஷ் பெயரைத் தமிழில் எழுதித் தலைப்பாக்குவதில் என்ன லாபம்? தம்பி, உன் நோட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே வை.

மோல்மேன்_மாட்டுடாக்டர்:

ஐயா, பெயரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் இருக்கிற பெயரையே வைத்தால் மாடு செத்துப்போகிற சந்தர்ப்பம் இருக்கிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

'தொண்டை அடைப்பான்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கினதும் எருமைக்குத் தாடைக்குக் கீழே தொண்டை வீங்கி, கடுங்காய்ச்சலில் மூச்சு இழுத்து, சில சமயம் ஒரே நாளில் சாய்ந்துவிடுமே, அதற்கு அந்தப் பெயர். பாஸ்சுரெல்லா என்ற கிருமி. அதே 'தொண்டை அடைப்பான்' மனிதப் பிள்ளைக்கு வந்தால் டிப்தீரியா, முற்றிலும் வேறு கிருமி, வேறு தடுப்பூசி. சரி, தொண்டையை விட்டுவிட்டு வெறும் 'அடைப்பான்' என்றால்? அது ஆந்த்ராக்ஸ். செத்த மாட்டை அறுத்தால் அறுத்தவனுக்கும் வரும், அதன் வித்து மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். தொண்டை அடைப்பானுக்கு அந்தப் பயம் இல்லை. ஒரு சொல் முன்னே இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

முடோன் பக்கம் ஒரு வீட்டில் போனில் கூப்பிட்டு "அடைப்பான்" என்றார்கள். நான் எந்த அடைப்பான் என்று கேட்டேன். "அதுதான் டாக்டர், அடைப்பான்" என்றார். மூக்கிலும் பின்னாலும் உறையாத கறுப்பு ரத்தம் வருகிறதா, இல்லை தொண்டை வீங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பதில் வரும்வரை, யாரும் மாட்டைத் தொடாதே, தோலை உரிக்காதே என்று கத்திக்கொண்டே இருந்தேன். தொண்டை வீக்கம்தான், தப்பித்தார்கள்.

தம்பி, உன் பட்டியலில் 'தொண்டை அடைப்பான் (மாடு, எருமை)', 'தொண்டை அடைப்பான் (மனிதர்)' என்று அடைப்புக்குறி போட்டுப் பிரித்துவிடு. வெறும் 'அடைப்பான்' என்று யாராவது தேடினால் மூன்றையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கட்டும்.

இரண்டு_பிள்ளைக்காரி:

நான் டாக்டரும் இல்லை நூலகரும் இல்லை, ஆனால் இதை எழுதாமல் போகக்கூடாது என்று வந்தேன்.

என் சின்னவனுக்கு நாலு வயதில் உள்ளங்கையிலும் பாதத்திலும் சின்னச் சின்னக் கொப்புளம், வாய்க்குள் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. பாலர் வகுப்பிலிருந்து போனில் ஒரு செய்தி அனுப்பினார்கள், யாரோ பர்மிய மொழியிலிருந்து தமிழுக்கு மாற்றிப் போட்டது. "கால் வாய் நோய் பரவுகிறது, பிள்ளைகளை அனுப்பாதீர்கள்." கை என்ற சொல் விட்டுப்போயிருக்கிறது. என் மாமியார் அதைப் படித்தார். கால் வாய் நோய் என்றால் அவருக்குத் தெரிந்தது கோமாரிதான். அடுத்த வீட்டு ஆயா நாலு ஆடு, ஒரு பசு வைத்திருந்தார். அவர் பாலைத்தான் பிள்ளை குடித்தான். அவ்வளவுதான், அன்று சாயங்காலம் தெருவே அந்த ஆயா வாசலில். "உன் மாட்டிடமிருந்துதான் பிள்ளைக்கு வந்தது" என்று. ஆயா அழுதுகொண்டே பசுவின் வாயைத் திறந்து காட்டினார், அதன் நாக்கில் ஒன்றுமில்லை, பாவம், அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.

கிளினிக்கில் கேட்டபோது மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். ஆனால் அதற்குள் ஆயா பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு மட்டும் ஊற்றுவதில்லை.

யாங்கோன்_நூலகி:

பிள்ளைக்காரி, நீங்கள் எழுதினதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதிவு.

மெஷ்ஷில் இரண்டும் வெவ்வேறு தலைப்பு. பிள்ளைகளுக்கு வருவது 'கை, கால், வாய் நோய்', காக்சாக்கி வைரஸும் என்டெரோவைரஸ் ஏ71 என்பதும் காரணம். மாட்டுக்கு வருவது 'கால், வாய் நோய்', அதன் வைரஸ் வேறு. 1898இல் லோஃப்லரும் ஃப்ராஷும் பாக்டீரியாவைத் தடுக்கிற வடிகட்டியையும் தாண்டிப் போகிற ஏதோ ஒன்று இதற்குக் காரணம் என்று காட்டினார்கள். விலங்குகளில் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான். இரண்டும் தூரத்துச் சொந்தம், ஒரே வைரஸ் குடும்பம். ஆனால் பங்காளி என்பதற்காக ஒருவன் செய்ததற்கு மற்றவன் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாதே.

2022இல் கேரளாவில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று கிளம்பியது நினைவிருக்கிறதா? கொப்புளம் சிவப்பாகத் தக்காளி மாதிரி இருக்கிறதென்று வைத்த பெயர். புது நோய் என்று பீதி. பரிசோதித்துப் பார்த்தால் இதே கை, கால், வாய் நோய்.

தம்பிக்கு இன்னொரு விஷயம். மனிதருக்கும் மாட்டுக்கும் பொதுவாக வருகிற நோய்களை மெஷ் எப்படிக் கையாள்கிறது என்று பார். நோய்ப் பெயரைப் போட்டு, அதன் வாலில் 'கால்நடை மருத்துவம்' என்று ஒரு துணைச்சொல்லை ஒட்டுவார்கள். வெறிநோய் என்று போட்டு வால் ஒட்டினால் நாய்க்கு, மாட்டுக்கு வந்ததைப் பற்றியது. சில நோய்க்கு மட்டும் தனித் தலைப்பே உண்டு, மாட்டுக் காசநோய் மாதிரி. மெஷ் தலைப்புகளை மரம் மாதிரிக் கிளை கிளையாக அடுக்கியிருக்கிறார்கள், விலங்கு நோய்களுக்கென்று அதில் ஒரு கிளை, அதன் எண் சி22. ஒரே நோய் தொற்றுநோய்க் கிளையிலும் தொங்கும், இந்தக் கிளையிலும் தொங்கும், அதில் தப்பே இல்லை. வாழைமரம் மாதிரி ஒரே தண்டு என்று நினைக்காதே, ஆலமரம் என்று நினைத்துக்கொள்.

கால்நடைக்கு மட்டும் ஆழமாக வேண்டுமென்றால் கேப் சொற்களஞ்சியம் இருக்கிறது, விவசாயத்தோடு சேர்த்து என்றால் உலக உணவு வேளாண் நிறுவனத்தின் அக்ரோவாக். உன் இரண்டு தகரப் பெட்டிக்கு அவ்வளவு தேவைப்படாது.

கோடு_எழுதுகிறவன்:

எல்லாம் சரி அக்கா, ஆனால் இந்தக் காலத்தில் கையால் தலைப்புச் சொல் போடுவதா? மெஷ்ஷையே 2022இலிருந்து கம்ப்யூட்டர்தான் கட்டுரைகளுக்குப் போடுகிறது என்று படித்தேன். தம்பி போட்டோவைக் கொடுத்தால் நான் ஒரு ராத்திரியில் ஏதாவது ஏஐயை வைத்து எல்லாவற்றுக்கும் தலைப்பு போட்டுத் தருகிறேன்.

யாங்கோன்_நூலகி:

போடுகிறது, உண்மை. மனிதர்கள் அதை மேற்பார்த்துத் திருத்தவும் செய்கிறார்கள். ஆனால் எதை வைத்துப் போடுகிறது? பல பத்தாண்டுகளாக ஆட்கள் உட்கார்ந்து கட்டிய சொற்பட்டியல், அவர்கள் கையால் தலைப்பு போட்ட லட்சக்கணக்கான கட்டுரைகள், இவற்றை வைத்து. 'ஷானா குவானா'வும் 'காணை'யும் ஒன்று என்று தமிழ் எழுத்தில் யார் எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள், உன் ஏஐ கற்றுக்கொள்ள? ஒரு தாளைக் கொடுத்துப் பார், வேண்டாமென்று சொல்லவில்லை.

கோடு_எழுதுகிறவன்:

கொடுத்துப் பார்த்தேன். தம்பி தனியாக அனுப்பிய மலேரியா நோட்டீஸ் ஒன்று. 'பறவைக் காய்ச்சல் விழிப்புணர்வு' என்று தலைப்பு போட்டுக் கொடுத்தது. 😅 சரி, வாயை மூடிக்கொள்கிறேன். வேறு உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், 'பார்க்க' இணைப்புகள் தானாக வேலை செய்கிற மாதிரி ஒரு சின்னத் தேடல் பக்கம் செய்து தருகிறேன், இணையம் இல்லாமலே போனில் ஓடும்.

கோல்டன்வேலி_டாக்டர்:

தாமதமாக வருகிறேன், ராத்திரி டூட்டி. மாட்டுடாக்டர் சொன்னதற்கு மனித மருத்துவப் பக்கத்திலிருந்து ஒரு கதை. நம் ஊர்க் கதை, பலருக்குத் தெரியாது.

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃப்ரெட் விட்மோர் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளில் விசித்திரமான ஒன்றைப் பார்க்கிறார்கள். நுரையீரல், கல்லீரல் எல்லாம் சீழ்க்கட்டி. செத்தவர்களில் பலர் மார்ஃபியா ஊசி போட்டுக்கொண்டு தெருவில் கிடந்த ஏழைகள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் மாதிரி இருந்தது, ஆனால் அது இல்லை. கிருமியைத் தனியாக வளர்த்துப் பார்த்து, மறு ஆண்டு 38 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். உலகத்திலேயே முதல் முறை. கிருஷ்ணசாமி என்ற பெயரைப் பார்த்தால் நம்மவர் மாதிரித்தான் தெரிகிறது, எனக்குள் ஒரு சின்ன கர்வம்.

இப்போது பெயர் விளையாட்டைப் பாருங்கள். விட்மோர் நோய் என்றார்கள். மார்ஃபியாக்காரர்களின் ரத்த நஞ்சு என்றார்கள். போலி கிளாண்டர்ஸ் என்றார்கள். 1921இல் மலாயாவில் ஸ்டாண்டனும் ஃப்ளெட்சரும் மெலியாய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள், கழுதைக்கு வரும் நோயைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து. கிருமியின் பெயரோ அதைவிட மோசம். பாசில்லஸ், மல்லியோமைசஸ், சூடோமோனாஸ் என்று வீடு மாறி மாறி, 1992இல்தான் பர்க்கோல்டேரியா என்ற முகவரிக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பெயரில் எழுதின கட்டுரையும் ஒவ்வொரு மூலையில். தலைப்புச் சொல் என்ற ஒன்று இல்லாவிட்டால் 1912இல் எழுதினதை இன்றைக்குத் தேடுகிற மாணவன் எப்படிப் பிடிப்பான்?

இது கதைக்காக இல்லை. இந்தக் கிருமி சேற்று மண்ணில், தேங்கின தண்ணீரில் இருக்கிறது. வயலில் வெறுங்காலோடு நிற்கிற சர்க்கரை நோயாளிக்கு மழைக்காலத்தில் வந்தால் காசநோய் மாதிரியே தெரியும். சாதாரணமாக முதலில் எழுதுகிற பல மருந்துகள் இதைத் தொடாது. ஆட்டுக்கும் பன்றிக்கும் வரும். ரங்கூனில் கண்டுபிடித்த நோய் இது, ஆனால் அப்புறம் பல பத்தாண்டுகள் இங்கிருந்து இதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை, தாய்லாந்தும் ஆஸ்திரேலியாவும்தான் எழுதின. நோய் போய்விட்டதா என்ன? பெயர் வைத்துக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

தம்பி, உன் நோட்டில் 'மழைச் சீழ்', 'வயல் காய்ச்சல்' மாதிரி எதாவது வந்தால் எனக்கு அனுப்பு. எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பார்க்க ஆசை.

பெகு_பழசு:

டாக்டர் தம்பி எழுதினதை இரண்டு தரம் படித்தேன். கிருஷ்ணசாமி விஷயம் எனக்கு இத்தனை வயசுக்குத் தெரியாது. நன்றி.

சரி, என் பக்கத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வருகிறேன், முழுக்க இல்லை. 'பார்க்க' என்று எல்லாப் பெயரும் வாசலில் நிற்கும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தலைப்பு இங்கிலீஷாக இருக்கக்கூடாது. கோமாரி இருக்கும்போது கோமாரிதான். இன்னொன்று: வெக்கை. எங்கள் பெரியப்பா வெக்கை, வெக்கை என்று பயந்து சாவார், ஒரு வெக்கையில் அவருடைய ஒன்பது மாடும் போயிற்று என்பார். இன்றைக்குப் பிள்ளைகளிடம் வெக்கை என்றால் வெயில் என்கிறான். அந்தச் சொல்லை என்ன செய்யப் போகிறீர்கள்?

மோல்மேன்_மாட்டுடாக்டர்:

ஐயா, அதுதான் ரிண்டர்பெஸ்ட். உங்கள் பெரியப்பா பயந்ததில் தப்பே இல்லை. 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அப்புறம் மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது. ஒழிந்துவிட்டது என்பதற்காகத் தலைப்பை எடுத்துவிடக் கூடாது, மெஷ்ஷிலும் எடுக்கவில்லை. நோட்டுகள் பழையவை, அவற்றில் இருக்கிற நோயும் பழையது. 'வெக்கை நோய்' என்று தலைப்பு, கீழே 'கோடை வெப்பத்தைக் குறிக்காது' என்று ஒரு வரி.

தெரிந்துகொள்ள இன்னொன்று. அந்த வெக்கை வைரஸும் பிள்ளைகளின் தட்டம்மை வைரஸும் நெருங்கின சொந்தம். ஆகவே உங்கள் பெரியப்பா மாட்டுக்கும் அம்மைக்கும் ஒரே முறை வைத்தது… சரி, அதற்குமேல் சொன்னால் நானே கதை கட்டுகிறவன் ஆகிவிடுவேன்.

தட்டோன்_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் மின்சாரம் சரியாக இல்லை, இப்போதுதான் லேப்டாப் சார்ஜ் ஏறியது. ஒரு பதிவை முழுக்க எழுதிப் பார்த்தேன், அடித்துத் திருத்துங்கள்:

கோமாரி
வேறு பெயர்: காணை, கால் வாய் காணை, கால் வாய் நோய், ஷானா குவானா
எது: பிளவுபட்ட குளம்புள்ள மாடு, எருமை, ஆடு, பன்றிக்கு வரும் வைரஸ் நோய். வாய், நாக்கு, குளம்பு இடுக்கில் கொப்புளம். எச்சில் ஒழுகும், நொண்டும்.
இது அல்ல: பிள்ளைகளின் கை, கால், வாய் நோய் (அதைத் தனியே பார்க்க)
தொடர்பு: மாட்டு நோய்கள், வைரஸ் நோய்கள், தடுப்பூசி

பர்மியப் பெயரில் ஒன்று கவனித்தேன். ஷா என்றால் நாக்கு, குவா என்றால் குளம்பு. 'நாக்குப்புண் குளம்புப்புண்'. இங்கிலீஷ்காரன் கால், வாய் என்கிறான், இவர்கள் நாக்கையும் குளம்பையும் சரியாகக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனாலும் ஐயா சொன்னபடி கோமாரியே தலைப்பு.

பதினெட்டு தலைப்பு இப்படி எழுதிவிட்டேன். அம்மையில்தான் திணறுகிறேன். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரி, புட்டாளம்மை, மாட்டம்மை, கோழியம்மை. புட்டாளம்மை பொன்னுக்குவீங்கி என்று அம்மா சொல்கிறார், அதை அம்மையில் வைப்பதா வேண்டாமா?

கோல்டன்வேலி_டாக்டர்:

பொன்னுக்குவீங்கி தனித் தலைப்பு, புட்டாளம்மை அதன் வாசலில். பெயரில் அம்மை இருப்பதால் அம்மைக் கூட்டத்தில் சேர்க்காதே. மணல்வாரியைத் தட்டம்மைக்கு அனுப்பு, ஆனால் சில ஊரில் வேறு தடிப்புக்கும் அதைச் சொல்வார்கள், ஆகவே நோட்டில் என்ன அறிகுறி எழுதியிருக்கிறது என்று பார்த்து முடிவு செய்.

மோல்மேன்_மாட்டுடாக்டர்:

கோமாரிப் பதிவு அருமை. ஒரே ஒரு திருத்தம்: 'இது அல்ல' வரியில் குளம்பு அழுகலையும் சேர். மழைக்காலச் சேற்றில் நின்று குளம்பு அழுகினாலும் மாடு நொண்டும், உடனே கோமாரி என்று நோட்டில் எழுதியிருப்பார்கள். வாயில் புண் இருக்கிறதா என்று எழுதியிருக்கிறதா பார், இல்லையென்றால் சந்தேகக் குறி போட்டு வை.

இரண்டு_பிள்ளைக்காரி:

தம்பி, அந்தக் கோமாரிப் பதிவையும் கை, கால், வாய் நோய்ப் பதிவையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சடித்து அனுப்ப முடியுமா? அடுத்த வீட்டு ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, நான் படித்துக் காட்டுகிறேன்.

தட்டோன்_தம்பி:

நாளைக்கு அனுப்புகிறேன் அக்கா. எத்தனை பிரதி?

இரண்டு_பிள்ளைக்காரி:

தெரு முழுக்க ஒட்டுகிற மாதிரி அனுப்பு.